எண்ணெய் சொல்வதா, கால் சொல்வதா?

கொல்கத்தாவின் கிடர்பூரில் சில நேரம் சாலையே எழுந்து நின்றுவிடும். கப்பல்துறைக்குள் கப்பல் நுழைய வேண்டுமானால், குறுக்கே இருக்கும் தூக்குப் பாலத்தின் தளம் மேலே உயரும். அதுவரை ஓடிக்கொண்டிருந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முதல் லாரி டிரைவர் பாலத்தைப் பார்த்து நிறுத்துகிறார். இரண்டாமவருக்குப் பாலம் தெரியாது. முன்னால் போகும் லாரியின் முதுகுதான் தெரியும். அந்த முதுகில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அவருடைய கால் பிரேக்குக்குப் போகிறது. மூன்றாமவர் இரண்டாமவரின் சிவப்பைப் பார்க்கிறார். இப்படி ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கு, யாரும் வாய் திறக்காமலே, செய்தி பின்னோக்கி ஓடுகிறது.

அந்த வரிசையில் எண்பது வயதான லாரி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. பல்பும் நல்ல பல்புதான். ஆனால் பெடலை மிதித்தால் பின்னால் விளக்கு எரிவதில்லை. ஓடி வந்த செய்தி அந்த லாரியில் அறுந்துபோகிறது. பட்டறையில் அடியில் படுத்துப் பார்க்கும் மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் குற்றவாளியைப் பிடித்துவிடுவார்: பிரேக் ஆயில் குழாயில் திருகியிருக்கும், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சுவிட்ச். அடுத்து அவர் கேட்கும் கேள்விதான் இந்த அத்தியாயம். அதே மாதிரி சுவிட்ச்சை மறுபடி போடுவதா, அல்லது அதைத் தூக்கிவிட்டு, பெடலிலேயே வேறொரு சுவிட்ச் வைப்பதா?

பத்து நிமிட வேலை போலத் தெரியும் இந்தக் கேள்விக்குள் பாஸ்கலின் விதி, எடிசன் காலத்து இழை, கண்ணின் கூர்மை, மனிதக் காலின் கனம் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

போர் கொண்டுவந்த லாரி

கிடர்பூருக்கு வண்டி மாற்றுவது புதிதல்ல. கப்பல்துறை 1892இல் திறக்கப்பட்டது. 1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடிலிருந்து கிடர்பூர் வரை மின்சார டிராம் ஓடியது. குதிரை இழுத்த வண்டிக்கு மின்சாரம் வந்த வழித்தடம் இது. ஆசியாவின் முதல் மின்சார டிராம் என்று இதைச் சிலர் எழுதுகிறார்கள். சென்னையில் 1895லேயே மின்சார டிராம் ஓடிவிட்டது என்பதை நாம் அடக்கத்தோடு நினைவூட்டலாம்.

லாரிகளின் பெருவெள்ளம் இரண்டாம் உலகப் போரோடு வந்தது. அஸ்ஸாமின் லேடோவிலிருந்து சீனாவின் குன்மிங் வரை சாலை வழி திறந்த அமெரிக்க ராணுவத்துக்குக் கொல்கத்தாதான் வாசல். கப்பலில் வந்த சரக்கும் வண்டியும் இந்தத் துறைமுகத்தில் இறங்கி, ரயிலேறி, வடகிழக்குக்குப் போயின. 1945 பிப்ரவரி 4 அன்று முதல் லாரி அணி குன்மிங்கை அடைந்தது. அந்தப் போரின் உழைப்பாளி ஜிஎம்சி நிறுவனத்தின் இரண்டரை டன் லாரி. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தார்கள். போர் முடிந்ததும் எஞ்சிய ராணுவ வண்டிகள் டிஸ்போசலில் விற்கப்பட்டன. பச்சைப் பெயின்ட் போய், மூட்டை ஏற்றும் லாரிகளாயின.

அந்த வயது லாரி இன்று கொல்கத்தாவில் கூலிக்கு ஓட முடியாது. 15 ஆண்டைத் தாண்டிய வணிக வண்டிகள் நகரில் ஓடக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2008இல் ஆணையிட, 2009இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே இன்று பழைய லாரியை வைத்திருப்பவர் ஆசைக்கு வைத்திருக்கிறார்; ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1968 முதல் நடத்திவரும் பழைய வண்டிகளின் பேரணி போன்ற நாட்களில்தான் அத்தகைய வண்டிகளுக்குத் திருவிழா. மற்ற நாட்களில் பட்டறைக்குப் போக, பெட்ரோல் போட, கொஞ்சம் ஓடும். ஆனால் அது ஓடும் சாலை 1945இன் சாலை அல்ல. பின்னால் வருவது ஏர் பிரேக் போட்ட கன்டெய்னர் டிரெய்லர்.

போர்க்கால வண்டியின் பின்புறத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். 1942 டிசம்பர் 20 இரவு கொல்கத்தாவில் முதல் ஜப்பானியக் குண்டு விழுந்தது. 1943 டிசம்பர் 5 அன்று பட்டப்பகலில் கிடர்பூர் கப்பல்துறையே தாக்கப்பட்டது. நகரம் விளக்கை மறைத்து வாழ்ந்த காலம். ராணுவ வண்டிக்கோ வெளிச்சமும் வேண்டும், அது விமானத்துக்குத் தெரியவும் கூடாது. இதற்காக அமெரிக்கர்கள் பின்விளக்கில் சின்னச் சின்னத் துளைகளை ஜோடி ஜோடியாக வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே புள்ளி. கொஞ்சம் நெருங்கினால் இரண்டாகப் பிரியும். மிக நெருங்கினால் நான்காகப் பிரியும். பின்னால் வரும் டிரைவருக்கு ஒரே உத்தரவு: இரண்டு தெரியும்படி ஓட்டு. நல்ல கண்ணாலும் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்தறிய முடியாது என்ற உடலியல் உண்மையே அங்கு அளவுகோலாகிவிட்டது. இவ்வளவு யோசித்தவர்கள் சாதாரண நேரத்துக்கான ஸ்டாப் லைட்டை மட்டும் இடது பக்கம் ஒன்றே ஒன்று வைத்தார்கள். அந்த ஒற்றை விளக்குக்கும் ஆணை போவது நம் கட்டைவிரல் சுவிட்ச் வழியாகத்தான்.

குழாய்க்குள் இருக்கும் ஒற்றன்

பிரேக் பெடலை மிதித்தால் அதன் மறுமுனை மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் பிரேக் ஆயில். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் பரவும். பாஸ்கல் எழுதி, அவர் இறந்த பிறகு 1663இல் அச்சான நூலில் உள்ள விதி இது. நான்கு சக்கரங்களிலும் பிரேக் ஒரே நேரத்தில் பிடிப்பது இதனால்தான்.

எல்லா இடத்துக்கும் பரவும் என்றால், குழாயின் ஓரத்தில் ஒற்றன் ஒருவனை உட்கார வைத்தால் அவனுக்கும் தெரிய வேண்டுமல்லவா? ஹைட்ராலிக் பிரேக் சுவிட்ச் அதுதான். ஒரு பக்கம் மரை; குழாயில் திருகிக்கொள்ளும். மறுபக்கம் ஒயர் மாட்ட இரண்டு முனைகள். நடுவே ரப்பர் சவ்வு ஒன்று. சவ்வுக்கு இந்தப் பக்கம் எண்ணெய், அந்தப் பக்கம் மின்சாரம். அழுத்தம் ஏறினால் சவ்வு புடைத்து ஒரு செம்புத் தகட்டைத் தள்ளும், தகடு இரண்டு முனைகளையும் இணைக்கும், விளக்கு எரியும். காலை எடுத்தால் ஸ்பிரிங் தகட்டைப் பிரித்துவிடும்.

எவ்வளவு அழுத்தத்தில் புடைக்கும்? இந்த வகைச் சுவிட்சுகள் பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 4 முதல் 7 கிலோ அழுத்தத்தில் வேலை செய்யும். 5 கிலோ என்று வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு அங்குல விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 5 சதுர சென்டிமீட்டர். ஆக, பிஸ்டனை 25 கிலோ எடையால் தள்ள வேண்டும். பெடல் ஒரு நெம்புகோல். காலின் விசையை ஐந்து மடங்காக்கும் என்று கொண்டால், காலால் 5 கிலோ அழுத்தினால் விளக்கு எரியும். அரிசிக் கடையில் 5 கிலோ பையைத் தூக்கிப் பாருங்கள். சும்மா வைத்த காலின் கனத்தைவிட அது கூடுதல்.

இதில்தான் பழைய சுவிட்சின் குணம் வெளிப்படுகிறது. வேகத்தைக் கொஞ்சம் குறைக்க டிரைவர் பெடலில் மெல்லக் கால் வைத்தால், அவர் மனதளவில் பிரேக் போட்டுவிட்டார். சுவிட்சுக்கு இன்னும் சேதி எட்டவில்லை. சவ்வு முதிர்ந்து இறுகிவிட்டால் 5 கிலோ 10 ஆகும், 20 ஆகும். கடைசியில் எழுந்து நின்று மிதித்தால்தான் விளக்கு எரியும் என்ற நிலை வரும். முன்னால் நாய் குறுக்கே வந்த அன்று விளக்கு எரியும். மற்ற நாளெல்லாம் எரியாது. பட்டறையில் மெக்கானிக் ஓங்கி மிதித்துப் பார்த்து ‘எரியுதே சார்’ என்பதும், ரோட்டில் எரியாமல் போவதும் இதனால்தான்.

சவ்வு சாகும் விதம்

இந்தச் சுவிட்சுக்கு எமன் மூன்று பேர்.

முதலாவது தண்ணீர். நாம் ஆயில் என்று சொன்னாலும் வழக்கமான பிரேக் ஆயில் எண்ணெய் வகையே அல்ல. கிளைகால் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. டாட் 3 தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடுகிறது. ஹூக்ளி ஓரத்து மழைக்கால ஈரத்தில் இந்த வேலை வேகமாக நடக்கும். உறிஞ்சிய தண்ணீர் குழாயையும் சுவிட்சின் உலோகத்தையும் உள்ளிருந்தே அரிக்கும். ஈரம் உறிஞ்சாத சிலிகோன் வகைத் திரவம் இருக்கிறது. பழைய ராணுவ வண்டி வைத்திருப்பவர்கள் பலர் அதை விரும்பி ஊற்றுகிறார்கள். ஆனால் அதை ஊற்றிய பிறகு ஹைட்ராலிக் பிரேக் சுவிட்சுகள் அடிக்கடி சாகின்றன என்பது அதே ஆட்களின் பொதுப் புலம்பல்.

இரண்டாவது தீப்பொறி. 12 வோல்ட்டில் எரியும் 21 வாட் பல்ப் ஒன்றே முக்கால் ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கும். இது இழை வெண்சூடாக எரியும்போது. குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் மின்தடை அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஆகவே ஒவ்வொரு முறை காலை வைக்கும்போதும் முதல் சில நொடித்துகள்களுக்குப் பத்து மடங்கு மின்னோட்டம் அந்தச் செம்புத் தகட்டில் பாய்ந்து அதைச் சுடுகிறது. காலை எடுக்கும்போது பிரியும் முனைகளுக்கிடையே பொறி பறக்கிறது. நகர நெரிசலில் ஒரு நாளைக்கு எத்தனை முறை மிதிப்போம் என்று நினைத்தால் தகட்டின் மேல் பரிதாபம் வரும். போர்க்கால அமெரிக்க லாரிக்குப் பாடு இரண்டு மடங்கு. அது 6 வோல்ட் வண்டி. அதே 21 வாட்டுக்கு அங்கே மூன்றரை ஆம்பியர்.

மூன்றாவது எமன் சவ்வின் வெடிப்பு. இதுதான் ஆபத்தானது. சவ்வில் கீறல் விழுந்தால் எண்ணெய் மின்சாரப் பக்கத்துக்குக் கசிகிறது. சுவிட்சின் பின்புற முனையைத் தொடும்போது விரலில் ஈரம் பட்டால், அந்த வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிரேக் ஆயில் குறைவது ஒரு கேடு. எரியக்கூடிய திரவமும் மின்பொறியும் ஒரே டப்பிக்குள் இருப்பது இன்னொரு கேடு. இது பழைய லாரிக்கு மட்டும் உரிய பயம் என்று எண்ண வேண்டாம். வண்டியை ஒரே வேகத்தில் ஓட்டும் கருவியை, பிரேக் மிதித்ததும் அணைப்பதற்காக ஃபோர்டு நிறுவனம் இதே தத்துவத்தில் ஒரு சுவிட்ச்சை வைத்தது. அதன் மெல்லிய படலம் வெடித்து, திரவம் கசிந்து, நிறுத்தி வைத்த வண்டிகள்கூடத் தீப்பிடித்தன. 1999இல் தொடங்கிப் பத்தாண்டுகளில், பல தவணைகளாக, ஏறத்தாழ 1.4 கோடி வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. ஒரு சவ்வின் கீறலுக்கு இவ்வளவு விலை.

இரண்டு சுவிட்ச், இரண்டு கேள்வி

இனி மாற்று வழி. பெடலின் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டையை அடித்து, அதில் சாதாரணப் பொத்தான் சுவிட்ச் ஒன்றை வைக்கிறார்கள். பெடல் தன் இடத்தில் நிற்கும்போது பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கும். மிதித்தால் பொத்தான் விடுபடும், விளக்கு எரியும். வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறதே, அதே வேலை. எண்ணெயும் மின்சாரமும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை.

இரண்டும் ஒரே விளக்கைத்தான் எரிக்கின்றன. ஆனால் வண்டியிடம் அவை கேட்கும் கேள்வி வேறு. குழாயில் இருக்கும் சுவிட்ச், ‘பிரேக்கில் அழுத்தம் வந்துவிட்டதா?’ என்று கேட்கிறது. பெடலில் இருக்கும் சுவிட்ச், ‘டிரைவர் நிறுத்த நினைக்கிறாரா?’ என்று கேட்கிறது. முன்னது நடந்ததைச் சொல்லும் சாட்சி. பின்னது நடக்கப்போவதைச் சொல்லும் தூதன்.

சாட்சிக்கு ஒரு நேர்மை உண்டு என்பதை மறுக்க முடியாது. குழாய் வெடித்து எண்ணெய் போய்விட்டால் பெடல் தரை வரை இறங்கும், பிரேக் பிடிக்காது, விளக்கும் எரியாது. பிரேக் இல்லை என்ற உண்மையை அது மறைக்கவில்லை. தூதனோ அப்போதும் விளக்கை எரிப்பான். பிடிக்காத பிரேக்குக்கு எரியும் விளக்கு பொய்தானே என்று கேட்கலாம்.

பின்னால் வருபவரின் இருக்கையில் உட்கார்ந்து யோசித்தால் விடை கிடைத்துவிடும். பிரேக் போன டிரைவர் அடுத்து கியரைக் குறைப்பார், கைப்பிரேக்கை இழுப்பார், எதன் மேலாவது உரசி நிறுத்தப் பார்ப்பார். எப்படியும் அந்த லாரி தாறுமாறாக வேகம் குறைக்கப் போகிறது. அந்த நொடியில் பின்னால் வருபவருக்குத் தேவை எண்ணெயின் அழுத்தம் பற்றிய துல்லியமான அறிக்கையா, ‘முன்னால் ஏதோ நடக்கிறது’ என்ற எச்சரிக்கையா? விளக்கு யாருக்காக எரிகிறதோ அவர் பக்கம் நின்றால், தூதனே மேல்.

உலகமும் இந்த முடிவுக்குத்தான் வந்தது. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் கார்களின் பிரேக்கை இரண்டு தனித்தனிச் சுற்றுகளாகப் பிரித்தார்கள். ஒன்று கசிந்தால் மற்றொன்று பிடிக்கும். உடனே சாட்சிக்குச் சிக்கல். அவனை எந்தச் சுற்றில் உட்கார வைப்பது? அவன் இருக்கும் சுற்று போய்விட்டால், மற்ற சுற்று வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கும்போதும் விளக்கு எரியாது. பெடல் ஒன்றுதான், எத்தனை சுற்றாகப் பிரித்தாலும் கால் ஒரே இடத்தில்தான் மிதிக்கிறது. சுவிட்ச் பெடலுக்கு நகர்ந்தது.

ஏர் பிரேக் போட்ட பெரிய லாரிகளில் ஒற்றன் இன்னும் குழாயில்தான் உட்கார்ந்திருக்கிறான். எண்ணெய்க்குப் பதில் காற்று அவனைத் தள்ளுகிறது. காற்றழுத்தச் சுவிட்ச் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே விழித்துக்கொள்ளும்படி வைக்கப்படுவதால் அங்கே தாமதக் குறை குறைவு.

மாற்றும்போது கவனம்

வேலையின் வரிசை எளிது. எளிது என்று நினைத்துத் தவறும் இடங்கள் நான்கு.

ஒன்று, பழைய சுவிட்ச் இருந்த துளை. அதைக் கழற்றினால் துளையை அடைக்க வேண்டும். கிடர்பூர் போன்ற துறைமுக ஊரில் அமெரிக்க லாரியும் பிரிட்டிஷ் லாரியும் ஒரே பட்டறைக்கு வந்தவை. அமெரிக்கக் குழாய் மரை எட்டில் ஒரு பங்கு அளவில் அங்குலத்துக்கு 27 சுற்று. பிரிட்டிஷ் மரை அதே அளவில் 28 சுற்று. மரையின் பள்ளக் கோணமும் முன்னதில் 60 பாகை, பின்னதில் 55. கையால் இரண்டு சுற்று சுற்றினால் ஒன்றில் மற்றொன்று ஏறிவிடும். பொருந்திவிட்டது என்று தோன்றும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் மரை நசுங்கி, அன்று கசியாது, ஒரு மாதம் கழித்துக் கசியும். மல்லிக் பஜாரின் உதிரிபாகக் குவியலில் ஒரு அடைப்பான் தேடும்போது மரையை எண்ணிப் பார்த்து வாங்குவதே சிக்கனம். அடைத்த பிறகு குழாயில் ஏர் எடுத்தாக வேண்டும். திரவத்தைச் சுருக்க முடியாது, அதில் மாட்டிய காற்றுக்குமிழைச் சுருக்கலாம், பெடல் பஞ்சாகிவிடும்.

இரண்டு, பெடலின் ஓய்வு நிலை. நான்கிலும் இதுவே பெரிது. மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊசித்துளை ஒன்று உண்டு. கால் எடுத்ததும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கினால்தான் அந்தத் துளை திறக்கும். சூட்டில் விரிந்த எண்ணெய் அதன் வழியாக மேலே உள்ள கிண்ணத்துக்குத் திரும்பும். புதிய சுவிட்ச்சை ஒரு மயிரிழை முன்னால் தள்ளி வைத்து, அதன் பொத்தான் பெடலைத் தடுத்துவிட்டால் துளை மூடியே இருக்கும். பிரேக் சூடாகச் சூடாக எண்ணெய் விரியும். போக வழியின்றி, யாரும் மிதிக்காமலே பிரேக்கைப் பிடிக்கும். பிடித்தால் மேலும் சூடு, சூட்டால் மேலும் பிடி. பத்து கிலோமீட்டரில் சக்கரம் புகையும். விளக்கைச் சரிசெய்யப் போய் பிரேக்கைக் கெடுத்த கதை இப்படித்தான் நடக்கிறது. பெடலின் ஓய்வை அதற்குரிய நிறுத்துகட்டை தீர்மானிக்கட்டும். சுவிட்ச் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பெடலில் பிஸ்டனைத் தொடும் முன் சும்மா அசையும் கொஞ்ச தூரம் உண்டே, அதற்குள்ளேயே விளக்கு எரிய வேண்டும். மிக முன்னதாக வைத்தால் பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் விளக்கு கண் சிமிட்டும். பொய்க் கூச்சல் பழகிவிட்டால் உண்மைக் கூச்சலை யாரும் மதிக்க மாட்டார்கள்.

மூன்று, மின்னோட்டம். சின்னப் பொத்தான் சுவிட்சின் தலையில் விளக்கின் முழுச் சுமையையும் ஏற்றினால் அதுவும் பழையதைப் போலவே கருகும். நடுவே ஒரு ரிலே வைத்தால், சுவிட்ச் வழியாகப் போவது ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கனமான மின்னோட்டம் ரிலேயின் தடித்த முனைகள் வழியாகப் போகும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாடி எர்த் பாசிட்டிவ்வாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இழை பல்புக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். எல்இடிக்கும் டயோடு வைத்த ரிலேவுக்கும் திசை மாறினால் வேலை நடக்காது.

நான்கு, எர்த். இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் 3.4 அடுக்கை ஒட்டி மாறும். சொல்ல வறட்டுக் கணக்கு, விளைவு அப்படியல்ல. துருப்பிடித்த எர்த்தில் ஒரு வோல்ட் தொலைந்தால் 12 வோல்ட் வண்டியில் கால் பங்கு வெளிச்சம் போகும். 6 வோல்ட் லாரியில் அதே ஒரு வோல்ட் கிட்டத்தட்டப் பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். புது சுவிட்ச் போட்டும் விளக்கு மங்கலாகவே இருக்கிறது என்றால், விளக்கு டப்பாவின் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டிப் பாருங்கள்.

கண்ணுக்கு எட்டும் வரை

சுவிட்ச் மூடிவிட்டது. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதா? இழை பல்ப் முழு வெளிச்சத்துக்கு வர ஏறத்தாழ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். எல்இடிக்கு அந்தக் காத்திருப்பே இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி அந்த இடைவெளியில் 3.3 மீட்டர் ஓடிவிடும். ஒரு சிறிய காரின் நீளம். பெடல் சுவிட்ச் மிச்சப்படுத்தும் நொடித்துகளும் இதே கணக்கில்தான் சேரும்: ஒவ்வொரு பத்தில் ஒரு நொடிக்கும் 1.67 மீட்டர்.

விளக்கு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 1974இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வோவோட்ஸ்கி, சான் பிரான்சிஸ்கோவின் 343 டாக்சிகளில் பின்கண்ணாடியின் அடியில் மூன்றாவதாக ஒரு பிரேக் விளக்கை வைத்துப் பார்த்தார். பத்து மாதத்தில், அந்த விளக்கு இல்லாத டாக்சிகளைவிட இவற்றைப் பின்னாலிருந்து மோதியது 60.6 சதவீதம் குறைவு. 1986 முதல் அமெரிக்காவில் புதிய கார்களுக்கு மூன்றாவது விளக்கு கட்டாயமானது. எல்லா வண்டியிலும் அது வந்து, கண் பழகிய பிறகு, அந்நாட்டு அரசு 1998இல் கணக்கெடுத்தது. நிலையான பலன் 4.3 சதவீதம்தான். புதுமை தந்த பலனில் பெரும்பகுதி பழக்கத்தில் கரைந்துவிட்டது. அப்படியும் அந்த 4.3 சதவீதம் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மோதல்களைத் தடுக்கும் அளவு பெரிது.

பழைய லாரிக்காரருக்கு இதில் பாடம் இருக்கிறது. அசல் தோற்றம் கெடக்கூடாது என்பது நியாயமான பிடிவாதம். இடது பக்கத்து ஒற்றை விளக்கை அப்படியே விட்டுவிட்டு, சாலையில் ஓடும் நாளில் மட்டும் வலது பக்கம் ஒன்று, உயரத்தில் ஒன்று என்று கழற்றி மாட்டும் விளக்குகளை வைத்துக்கொள்ளலாம். பழைய ஹைட்ராலிக் சுவிட்ச்சைக்கூட, ஒயரைக் கழற்றிவிட்டு, காட்சிக்காக இடத்திலேயே விட்டுவைப்பவர்கள் உண்டு. இதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வேலை செய்யாத சவ்வும் வெடிக்கும், வெடித்தால் கசியும். போனால் போகட்டும், அடைப்பானைப் போடுங்கள்.

கலாசியின் குரல்

கொல்கத்தாவில் லாரியில் டிரைவருக்குத் துணையாக வருபவரைக் கலாசி என்பார்கள். நம் ஊரில் கிளீனர். கிடர்பூரில் கப்பல் தளத்தில் வேலை செய்பவருக்கும் அதே பெயர்தான். பின்னால் பார்த்துச் சொல்வது, தகரத்தைத் தட்டி எச்சரிப்பது, ரிவர்ஸ் எடுக்கும்போது கூவுவது எல்லாம் அவர் வேலை. பிரேக் விளக்கு வருவதற்கு முன்னால் டிரைவர் வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி, மேலும் கீழும் அசைத்தார். வேகம் குறைக்கிறேன் என்று பொருள். 1989இன் இந்தியச் சாலை ஒழுங்குமுறைகளிலும் அந்தக் கைச்சைகை இருந்தது. கையும் குரலும் செய்த வேலையைத்தான் கட்டைவிரல் சுவிட்ச் எடுத்துக்கொண்டது. கை அசைந்தது டிரைவரின் எண்ணத்தால்; சக்கரத்தின் அழுத்தத்தைக் கேட்டு எந்தக் கையும் அசைந்ததில்லை. பெடலுக்குப் போன சுவிட்ச், ஒருவகையில், அந்தக் கையின் வேலைக்கே திரும்பியிருக்கிறது.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. தன் பிரேக் விளக்கைத் தன் கண்ணால் பார்க்க முடியாத ஒரே ஆள் அந்த வண்டியை ஓட்டுபவர்தான். அதனால் இது லாரிக்கு மட்டும் அல்ல, உங்கள் ஸ்கூட்டருக்கும் காருக்கும் சேர்த்து. இன்று இரவு வண்டியின் பின்புறம் ஒரு சுவரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், பூவைத் தொடுவதுபோல் தொடுங்கள். சுவர் சிவக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். சிவக்கவில்லை என்றால் நாளைக் காலை முதல் வேலை மெக்கானிக் கடை.